பனிச்சிக்கு நேர்ந்த முடி

இல்லாத கோயிலுக்கு ஜீப் பிடித்துக்கொண்டு போன குடும்பம் இந்த ஜவ்வாது மலையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். சும்மாவும் போகவில்லை. புது பிளேடு, சந்தனம், மஞ்சள் துணி, பொங்கல் வைக்கச் சாமை அரிசி, வெல்லம், பானை எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். அடுப்புக்கு மூன்று கல்லைக்கூட எங்கள் மாமா ஜீப்பில் ஏற்றினார். மலையில் கல்லுக்கா பஞ்சம் என்று கேட்டதற்கு, "போற எடத்துல கல்லு எப்பிடி இருக்குமோ, நம்ம கல்லுன்னா நமுக்குப் பழக்கம்" என்றார். எங்கள் வீட்டில் புத்திசாலிகளுக்குக் குறைவே இல்லை. அப்படி ஒரு கோயில் கிடையாது என்பது அந்த ஜீப்பில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி, அந்த அம்மனை நோட்டில் எழுதி உண்டாக்கின என் தோழி.

நான் கல்பனா. பதினொன்றாம் வகுப்பு. மலைமேல் அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். இருக்கட்டுமே, என் மூக்கு, என் கோபம். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் ஒன்றே ஒன்று உண்டு, தலைமுடி. அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். விடுதியில் முப்பத்தாறு பெண்கள் இருக்கிறோம். சீப்பும் கையுமாக நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அத்தனை பேரும் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். மார்க்கு விஷயத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோழியின் பெயர் சின்னக்குழந்தை. சிரிக்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். எங்கள் மலையில் அது நல்ல பெயர், அவள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு சின்னக்குழந்தை உண்டு. ஆனால் கீழேயிருந்து புதிதாக வருகிற ஆசிரியர்கள் பெயர் கூப்பிடும்போது அந்த இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, "எங்கம்மா குழந்தை?" என்பார்கள். வகுப்பில் எல்லாரையும்விட உயரமானவள் எழுந்து நிற்பாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். "பன்னெண்டாவது முடிஞ்சதும் பேர மாத்திக்கிறேன்டி" என்று வாரத்துக்கு ஒரு பெயர் யோசிப்பாள். ஒரு வாரம் ஸ்ரீநிகா, அடுத்த வாரம் வேறு ஏதாவது வாயில் நுழையாதது. நான் மட்டும் விடாமல் "ஏய் கொயந்த" என்றுதான் கூப்பிடுவேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து அவள் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தொடங்கியது, மூன்று நீள நோட்டுக்கு வந்துவிட்டது. கதாநாயகி பெயர் பனிச்சி. ஏழு மலை தாண்டி, பனி விலகாத நாட்டில் இருக்கிறவள். எங்களோடு அவளுக்கும் வயது ஏறிக்கொண்டே வந்து இப்போது பதினாறு. பனியாக மாறிக் கதவிடுக்கில் நுழைவாள். மனிதர்களின் நிழலைத் திருடுகிற ராஜா ஒருவனோடு அவளுக்குத் தீராத சண்டை. கஷ்டப்படுகிறவர்கள் யார் கூப்பிட்டாலும் வருவாள், கேட்டதைக் கொடுப்பாள். ஆனால் ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் தன்னுடையது ஒன்றை இழந்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பிழைக்கவைத்தபோது நாக்கில் தேனின் ருசி போயிற்று. வெள்ளத்தைத் தடுத்தபோது அவளுடைய நிழலே போயிற்று. இருபத்திரண்டாவது அத்தியாயத்தில், பெற்ற அம்மாவின் முகம் அவளுக்கு மறந்துபோயிற்று. அதைப் படித்த அன்றைக்கு விடுதியில் பாதிப் பேர் சாப்பிடவில்லை. குழம்பில் என்ன குறை என்று சமையலக்கா புலம்பித் தீர்த்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பனிச்சி நோட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாள். "பனிச்சி மேல சத்தியமா உன் சோப்ப நான் எடுக்கல" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். காலாண்டுத் தேர்வில் கவியா, பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் 'பனிச்சி துணை' என்று எழுதி வைத்தாள். கணக்கு சார் அவளைக் கூப்பிட்டு, "யாரும்மா இது, உங்க குலதெய்வமா?" என்றார். "ஆமாங்க சார்" என்றாள் அந்த மகராசி. சாரும் பக்தியோடு தலையாட்டிவிட்டு நாற்பத்தொரு மார்க்கு போட்டார்.

சின்னக்குழந்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வெறும் கதடி இது. எதுக்குடி சாமியாக்கறீங்க?" என்று கத்துவாள். அவள் கத்தினால் யார் கேட்டார்கள்?

எனக்கு அப்போது சாமி என்று யாரும் இல்லை. மூன்று வருடமாக எனக்கும் வேடியப்பன் சாமிக்கும் காய். பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா சின்னராசு மஞ்சள்காமாலையில் கிடந்தபோது எங்கள் ஊர் வேடியப்பன் கல்லின் முன்னால் நின்று நான் கேட்டேன். வாய்வார்த்தையாகக் கேட்கவில்லை, ஒரு வாரம் ஒருவேளைச் சோறு, வெறுங்கால். அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு வேறு காரணம் வைத்திருந்தாள். முந்தின வருடம் நேர்ந்துகொண்ட கிடாவை வெட்டாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டார்கள், அந்தக் குறைதான் அப்பாவைக் கொண்டுபோயிற்று என்று இன்றைக்கும் நம்புகிறாள். அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் வேடியப்பன்மேல் போட்டேன், அவர் தாங்குவார்.

அதற்குப் பிறகு விடுதிப் பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடிப் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். உள்ளே ஒன்றுமே இருக்காது. எல்லோருக்கும் இருக்கிற ஏதோ ஒன்று எனக்கு மட்டும் இல்லையே, நான் என்ன ஜென்மம் என்று பயமாகக்கூட இருக்கும். பனிச்சியைப் படிக்கும்போது மட்டும் அந்தப் பயம் போய்விடும். என்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நாஷ்டா முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். வார்டன் நீலாவதி மேடம் போனை நீட்டினார். அம்மா.

"கல்பனா, அண்ணன் வண்டியோட வுழுந்துட்டான்டி. மல எறங்கச்சொல்ல, வளைவுல. தலையில அடி. வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம். கண்ணே தொறக்கலடி."

அண்ணன் பிரகாஷ் போளூரில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். வாரம் ஒருமுறை பைக்கில் மலையேறி வந்து, எனக்குக் கிளிப்பும் முறுக்கும் கொடுத்து, "மண்டைக்கு வெளிய இருக்கறதுல பாதி உள்ள இருந்திருந்தா நீ கலெக்டரு" என்று வம்பிழுத்துவிட்டுப் போவான். அப்பாவுக்குப் பிறகு எனக்கு அப்பா அவன்தான். சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான், அதனால் சொன்னதில்லை.

விடுதிக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அங்கே ஓடினேன். பனி அப்படியே இறங்கிக் கிடந்தது, எதிரே இருக்கிற பலாமரம்கூடத் தெரியவில்லை. வேடியப்பனைக் கூப்பிட வாய் வரவில்லை. என்னை அறியாமல், "பனிச்சி" என்று கத்தினேன். "பனிச்சி, எங்கண்ணன் எழுந்துட்டா என் முடிய உனுக்குக் குடுத்துடறேன்."

ஏன் முடி என்றால், கதையில் எல்லோரும் அவளிடம் கேட்டார்களே தவிர, ஒருத்தரும் அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை. சும்மா கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் கண் திறந்தான். திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பைக்குக்கு இன்னா ஆச்சு?" அம்மா போனில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"அம்மா, நான் முடி நேர்ந்துகினேன்மா."

"என் ராசாத்தி! யாருக்குடி?"

"பனிச்சிக்கு."

"பனிச்சியம்மனா? அது எந்தாண்ட கீது?"

"அந்தாண்ட... மேல... சின்னக்குழந்தைக்குத்தாம்மா நல்லா தெரியும்" என்று உளறி போனை வைத்துவிட்டேன்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேட்டவர் முகம் வாடிப்போகுமாம். ஆஸ்பத்திரி வார்டில் நெல்லிவாசல்நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா அவளிடம் விசாரிக்க, "பனிச்சியம்மனா, எங்களுக்கு அந்தாண்டதான், கேள்விப்பட்டுக்கீறேன்" என்றாளாம். அவளுடைய ஓரகத்தி, "கெழக்கப் பாத்த கோயிலு" என்றாளாம். வேறொருவர் தலைவலிக்காரர்களுக்கு அது கண்கண்ட தெய்வம் என்றாராம். அண்ணனை வீட்டுக்கு அனுப்புவதற்குள் என் பனிச்சிக்குக் கோயில், திசை, பூசாரி, ஆடித் திருவிழா எல்லாம் வந்துவிட்டன. மிச்சத்தை எங்கள் மாமா முடித்துவைத்தார். அம்மாவின் தம்பி, பெயர் வேடியப்பன். சாமியோடு எனக்குச் சண்டையே தவிர இந்த வேடியப்பனோடு இல்லை. இவர் வாயைத் திறந்தால் பாதி காற்று.

"நான் போயிருக்கேங்கா. ரெண்டு வருசம் ஆவுது. பொங்கலுகூட சாப்ட்டேன், நெய்யி மெதந்துச்சு. ஜீப்ப மட்டும் பேசு, கூட்டினு போறது என் பொறுப்பு" என்றார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து எனக்கு மொட்டை.

நான் சின்னக்குழந்தையைத் தனியாகப் பிடித்தேன்.

"கொயந்த, ஒரே ஒரு பக்கம் எழுதுடி. பனிச்சி கனவுல வந்து, கல்பனா, உன் முடி எனக்கு வேணாம், நீ நல்லா பின்னிக்கினு பூ வெச்சுக்கோ, அப்பிடின்னு சொல்லிட்டுப் போற மாதிரி."

"முடியாது."

"ஏன்டி, உன் கததானே?"

"உனுக்கு வோணும்னு நான் எழுதினா அது பனிச்சி பேசறது இல்ல. வார்டன் மேடம் ஒட்டற நோட்டீஸு."

"நீ எழுதினாத்தானே அவ பேசவே பேசுவா?"

"அப்பிடித்தான் நானும் நெனச்சினு இருந்தேன். அன்னிக்கு டேங்க்காண்ட நீ கத்தச்சொல்ல நான் பின்னாடிதான் நின்னேன். அதுலருந்து ஒரு வரி வரலடி. பேனாவ எடுத்து எடுத்து மூடி வெச்சுடறேன். நான் பொய்யா எழுதினத நீ மெய்யா கேட்டுட்ட. உங்கண்ணன் எழுந்திரிக்காம போயிருந்தா நான் இன்னாடி பண்ணியிருப்பேன்?"

பதில் தெரியாதபோது எனக்கு வருவது கோபம். "பெரிய எழுத்தாளி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உங்கம்மாகிட்ட உண்மைய சொல்லிடு" என்றாள்.

எப்படிச் சொல்வது? ஒரு சாமிக்கு நேர்ந்ததை இன்னொரு சாமிக்குச் செலுத்தக் கூடாது என்பது எங்கள் மலையில் மீற முடியாத பேச்சு. அப்படி ஒரு அம்மனே இல்லை என்று சொன்னால், அம்மாவுக்கு அந்த நேர்த்தி எந்தக் காலத்திலும் தீர்க்க முடியாத நேர்த்தி. ஒரு கிடா இரண்டு மாதம் தள்ளிப்போனதற்குப் புருஷனைக் கொடுத்ததாக நினைக்கிறவள் அவள். இனி அண்ணன் தும்மினாலும் உயிர் பதறுவாள், பைக் சாவியைத் தொட்டாலும் பதறுவாள், ஆயுசுக்கும் அவளுக்குத் தூக்கம் இராது. என் முடி போனால் வளரும். அம்மாவின் நிம்மதி போனால் வராது. அதனால் வாயை மூடிக்கொண்டு, போகிற வழியில் எந்தக் கோயிலாவது கண்ணில் பட்டால் இதுதான் என்று காட்டிவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்தது. ஓட்டுநர் தசரதன், முன்னால் மாமா, பின்னால் அம்மா, அண்ணன், நான். வழி தெரிந்தவள் என்று சின்னக்குழந்தையையும் விடுதியிலிருந்து அம்மா கேட்டு வாங்கி ஏற்றிக்கொண்டாள். அவள் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தலையில் ஆஸ்பத்திரியில் மழித்த இடத்தில் முள்முள்ளாக முடி முளைத்து, நடுவே தையல் போட்ட தழும்பு. அம்மா நொடிக்கு ஒருதரம் அதைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, அது ஓடிப் போவாது, கைய எடு" என்றான்.

மாமா வழி சொன்னார். "லெப்ட்டு... இல்ல இல்ல, ரைட்டு." ஒரு ஊரில் இறங்கிக் கேட்டோம். "பனிச்சியம்மனா, அதோ அந்த மேட்டுக்கு அந்தாண்ட" என்று ஒருவர் கை காட்டினார். மேட்டுக்கு அந்தாண்ட இருந்தவர் இன்னொரு மேட்டைக் காட்டினார். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது, மண் ரோடும் முடிந்தது. நான் கண்ணைக் கிழித்துக்கொண்டு பார்த்தும் ஒரு கோயில், ஒரு சூலம், மஞ்சள் பூசின ஒரு கல்கூடத் தென்படவில்லை. கேட்காத நேரத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் சாமி இருக்கிற மலை இது. கடைசியில் அகலமான ஒரு பாறையில் ஜீப் நின்றது.

"இதுக்கு மேல போவாதுங்க. பள்ளம்தான்" என்றார் தசரதன்.

மாமா இறங்கி இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். "இங்கதான் இருந்துச்சு. ரெண்டு வருசத்துல எப்பிடி மாத்திட்டானுங்க பாரு."

"எத மாமா மாத்தினாங்க, பாறையவா?" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. பாறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மறஞ்சுக்கிச்சு. சாமி நமுக்கு மொகம் காட்டல. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுட்டனே, திரும்பவும் ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுட்டனே" என்று அண்ணன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தாள். "ஆத்தா, எங்க வேணா வர்றேன், எம்புள்ளைய எடுத்துக்காத."

அப்பா போன அன்றைக்கு அவள் இப்படித்தான் நடுங்கினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, மறையல. பனிச்சின்னு கோயிலே இல்லம்மா. அது கத. இவ எழுதின கத. எனுக்கு வேற யாரையும் கூப்புட வாய் வரல, அவளக் கூப்ட்டுட்டேன்."

மாமா மெதுவாக, "அப்ப நான் சாப்ட்ட பொங்கலு எந்தக் கோயிலுன்னு யோசிக்கறேன்" என்றார்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, ஆனால் நடுக்கம் நின்றிருந்தது. அண்ணனை விட்டுவிட்டு அவள் சின்னக்குழந்தையின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நீயாம்மா எழுதினே?"

"ஆமாங்க அத்த. தப்புதாங்க. வெறும் கதைங்க. நானே நெனச்சுக்கினது."

"இன்னா கத, சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். முதலில் திக்கித் திணறித்தான் சொன்னாள். ஏழு மலை, நிழல் திருடும் ராஜா, கூப்பிட்டால் வருகிற பெண். தேனின் ருசி போன இடத்தில் அம்மா "ச்சோ" என்றாள். நிழல் போன இடத்தில் தசரதனும் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். பெற்றவள் முகம் மறந்துபோன இடத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெத்தவ மொகமேவா?"

"ஆமாங்க."

"அப்ப எம்புள்ளைக்காக அவ இன்னாத்த வுட்டா?"

சின்னக்குழந்தை நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு பெண்கள் அந்தக் கதையை மாற்றி மாற்றிப் படித்திருக்கிறோம். சத்தியம் செய்திருக்கிறோம், பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறோம், நான் அவளிடம் உயிரையே கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, வெட்கமாகிவிட்டது.

"தெரியலீங்க அத்த. அதுக்கப்புறம் நான் எழுதவே இல்லீங்க."

"ரெண்டு மாசமாவா?" அம்மா பதறிப்போனாள். "அப்ப அந்தப் பொண்ணு எதையோ வுட்டுட்டு, எத வுட்டோம்னுகூடத் தெரியாம, ரெண்டு மாசமா அந்தப் பனியிலயே நின்னுகினு கீறாளா? உங்க வயசுதானே அதுக்கும்?"

சின்னக்குழந்தை உடைந்துவிட்டாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. வகுப்பே சிரித்தபோதுகூட அழாதவள். அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு தலையைத் தடவினாள்.

"அழுவாதடி. எழுது. பாதி வழியில வுடக் கூடாது, பாவம். மொதல்ல அவள ஒரு வூட்டுல கொண்டாந்து சேரு. எங்க வூட்டுலன்னாலும் சரி."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள். "அவ முடி கேப்பாளா?"

"கேக்க மாட்டாங்க அத்த. அவ யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லீங்க."

எந்த வரியை எழுதித் தரச் சொல்லி நான் இரண்டு மாதமாகக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேனோ அது தானாக அவள் வாயிலிருந்து வந்தது. அம்மா என் பின்னலைப் பார்த்தாள். பயம் அவள் முகத்தைவிட்டுச் சுத்தமாகப் போயிருந்தது.

"கேக்காதவன்னா வுட்டுடலாம்டி. கொற ஒண்ணும் வராது. அவ அப்பிடிப்பட்டவ இல்ல" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். முடி தப்பித்தது, அம்மா தப்பித்தாள், நானும் தப்பித்தேன். ஆனால் என் மூக்குதான் தெரியுமே, கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கேக்கலன்னா குடுக்கக் கூடாதா? எல்லாரும் அவகிட்ட வாங்கிட்டு வாங்கிட்டுப் போறீங்க. நானும் வாங்கிட்டு, இடுப்பு வரைக்கும் பின்னிக்கினு திரியறதா? நான் சொன்னது சொன்னதுதான். மாமா, உக்காருங்க."

மாமா பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மடியில் நான் உட்கார்ந்தேன். பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, முதல் கத்தையை மாமா எடுத்தபோது, பொய் சொல்லவில்லை, அழுதேன். ஆனால் வாயை மட்டும் அசைக்கிற பிரார்த்தனை இல்லை அது. உள்ளே இருந்து வந்தது. பனிச்சி, இது உனுக்குத்தான், வேற யாருக்கும் இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமா நாலு இடத்தில் கீறிவிட்டார். வாய் பாதி காற்று, கை முழுக் காற்று.

சந்தனம் தடவியதும் தலை ஜில்லென்று இருந்தது. அண்ணன் தன் தலையையும் என் தலையையும் ஒன்றாகத் தடவி, "இப்பதான் ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி கீறோம்" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். தசரதன் அடுப்பைப் பற்றவைத்துப் பானையை ஏற்றினார்.

முடியை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. கோயில் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள். "பள்ளத்துல வுட்டுடலாங்கா, ஆழமா கீது" என்றார் மாமா.

"த்தூ, வாய மூடு" என்றாள் அம்மா.

அவள் ஒரு மயிரைக்கூட விடாமல் பாறையிலிருந்து பொறுக்கி எடுத்தாள். மஞ்சள் துணியில் வைத்து, சுருட்டி, இரண்டு முடிச்சு போட்டாள். எழுந்து போய்ச் சின்னக்குழந்தையின் முன்னால் நின்று, கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீயே அவகிட்ட சேத்துடும்மா. அவ இருக்கற எடத்துக்கு உனுக்குத்தான் வழி தெரியும்."

வெறும் கதைங்க என்று மறுபடியும் சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். சின்னக்குழந்தை நோட்டைக் கீழே வைத்தாள். கையைச் சுடிதாரில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டாள்.

"குடுத்துடறேங்க அத்த" என்றாள்.